கண்ணாடி உடைப்பு வழக்கில் இரண்டு ஜாமீன்தாரர்கள்: மேலூர் வட்டத்து நிகழ்வு ஒன்றின் ஆய்வு

பின்னணி

2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தார் ஊருக்குள் ஒரு மண்டபத்தில் காதணி விழா நடத்தினர். மொய் எழுதி முடிந்து கூட்டம் கலையும் வேளையில், வண்டி நிறுத்தியது தொடர்பாக விருந்தினர் சிலருக்கும் மண்டபத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவருக்கும் வாய்த்தகராறு மூண்டது. மூன்று இளைஞர்கள் கடையின் முகப்புக் கண்ணாடியையும், உள்ளே இருந்த காட்சிப் பெட்டியையும், கடைக்காரருடைய காரின் முன்கண்ணாடியையும் உடைத்துவிட்டனர். யாருக்கும் காயம் இல்லை. சேத மதிப்பு 85,000 ரூபாய் என்று புகாரில் குறிப்பிடப்பட்டது.

மூவரில் இரண்டாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) வழக்கில் சேர்க்கப்பட்டவர் 23 வயதுச் சரக்கு வேன் ஓட்டுநர். தந்தை இல்லை, தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். இந்த ஆய்வு அந்த இளைஞரைவிட, அவருக்காகக் கையெழுத்திட்ட இருவரைப் பற்றியது. ஒருவர் சிங்கம்புணரிப் பக்கம் சிறிதளவு நிலம் வைத்திருக்கும் தாய்மாமன். மற்றவர், தாயின் அண்டைவீட்டுக்காரர், மகளிர் சுய உதவிக் குழுவில் அவருடன் இருக்கும் பெண்மணி. ஓட்டு வீடு அவர் பெயரில் இருக்கிறது. சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராக இந்தக் குடும்பத்துடன் தொடக்கம் முதல் இருந்தேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியே எழுதுகிறேன்.

வழக்கின் பிரிவுகளும் பிணை உத்தரவும்

கண்ணாடி உடைத்ததற்கெல்லாம் சிறையா என்பதுதான் குடும்பத்தார் கேட்ட முதல் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவு, சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. சேதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் ஒரு லட்சத்துக்கு உட்பட்டும் இருந்தால் இரண்டு ஆண்டு வரை தண்டனை. அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. ஆனால் இந்த வழக்கில் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. முதலில் பொதுச் சொத்துக்காக இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தத்தின் வழியே தனியார் சொத்தையும் உள்ளடக்கிய அந்தச் சட்டத்தில் குறைந்தது ஓராண்டும் அதிகபட்சம் ஐந்தாண்டும் கடுங்காவல் உண்டு. அது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்களில் வழக்குப் பதிந்திருந்ததால்தான் நடுவர் முன் நிறுத்தப்பட்டவுடன் மூவரும் நீதிமன்றக் காவலில் மதுரை மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நடுவர் நீதிமன்றத்தில் பிணை மனு தள்ளுபடியானது. மாவட்ட அமர்வு நீதிமன்றம் புரட்டாசியில் நிபந்தனைப் பிணை வழங்கியது. எதிரி 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறி, அதாவது நீதிமன்றத்துக்குத் தவறாமல் வருவேன் என்ற உறுதிப் பத்திரம், எழுதித் தர வேண்டும். அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன் வேண்டும், அவர்களுள் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும். வழக்குக்குக் காவல் நிலையம் இட்ட குற்ற எண்ணின் கணக்கில் 25,000 ரூபாய் வைப்புச் செய்ய வேண்டும். மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். ஜாமீன்தாரர்களின் புகைப்படமும் இடது பெருவிரல் ரேகையும் பிணைமுறியில் இடம்பெற வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது.

இந்த உத்தரவில் இரண்டு பணக் கணக்குகள் உள்ளன. குடும்பத்தார் அவற்றை ஒன்றாகவே எண்ணினர். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகின்றனர். வைப்புத் தொகையான 25,000 ரூபாய் சேதம் தொடர்பானது. எதிரி கட்ட வேண்டியது. வழக்கு முடிவில் அதை யாருக்குக் கொடுப்பது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஜாமீன்தாரரின் 10,000 ரூபாய்க்கும் சேதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எதிரி நீதிமன்றத்துக்கு வராமற்போனால் மட்டுமே அந்தத் தொகை கேட்கப்படும். அதுவரை அவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

அண்டைவீட்டுப் பெண்மணி என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, அவன் உடைச்ச கண்ணாடிக்கெல்லாம் நாளைக்கு என் வீட்டைக் கேப்பாங்களா?” கேட்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொன்னேன். ஆனால் அவன் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் உங்களைக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். முதல் பாதி அவர் மனத்தில் பதிந்த அளவுக்கு இரண்டாவது பாதி பதியவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஜாமீன்தாரர்களைத் தேர்ந்த விதம்

உத்தரவு கிடைத்த பிறகும் இளைஞர் உடனே வெளியே வர முடியவில்லை. வி.ஏ.ஓ. சான்று, வீட்டுவரி ரசீது, குடும்ப அட்டை, ஆதார் நகல் ஆகியவற்றைச் சேர்க்கவே நாட்கள் ஓடின. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் தவறான ஆட்களிடம் சிக்கிக்கொள்கின்றன. நீதிமன்ற வாசலில் ஒருவர் வந்து, குறிப்பிட்ட பணம் கொடுத்தால் இரண்டு ஜாமீன்தாரர்களையும் தானே நிறுத்துவதாகச் சொன்னார். தாயார் தோட்டைக் கழற்றித் தரவும் தயாராக இருந்தார். வேண்டாம் என்று தடுத்தோம். ஒவ்வொரு ஜாமீன்தாரரும் தாம் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறோம் என்பதை உரிய விவரங்களுடன் நீதிமன்றத்தில் உறுதிமொழியாகத் தெரிவிக்க வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 486-ஆவது பிரிவு கூறுகிறது. கூலிக்கு நிற்பவர் அங்கே பொய் சொல்லியாக வேண்டும். போலி வரி ரசீதும் பல நேரங்களில் உடன் வரும். பிடிபட்டால் பிணையே ஆட்டம் காணும். புதிய குற்ற வழக்கும் வரும்.

தாய்மாமன் சிவகங்கை மாவட்டக்காரர் என்பதால் அவருடைய ஜாமீன் செல்லாது என்று சிலர் சொன்னார்கள். இது சட்டத்தில் இல்லாத தடை. 1978-இல் மோதி ராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்ததையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பில் தொகை 1,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. வழக்கறிஞர் இதை எடுத்துச் சொன்னார். சிங்கம்புணரி வட்டத்தில் பெற்ற நிலச் சான்றை நடுவர் ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு முடிவும் இந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது. தாய்மாமன் தம் பாதுகாப்புக்காக அக்காவிடம் 10,000 ரூபாய்க்குக் கடன் பத்திரம் எழுதி வாங்க விரும்பினார். எதிரி தரப்பே ஈடு கட்டிவிடும் என்ற நிலை வந்தால் ஜாமீன்தாரர் எதிரியைக் கவனிக்க வேண்டிய காரணமே இல்லாமற்போகும். ஆகவே இத்தகைய ஈட்டு ஒப்பந்தம் பொதுநலனுக்கு எதிரானது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கருதி வருகின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அது செல்லாது. இதை விளக்கியதும் அவர் பத்திரம் கேட்பதை விட்டுவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், அங்கே நிறுவனங்களே ஜாமீன் போடுகின்றனவே என்று தொலைபேசியில் கேட்டிருந்தார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தத் தொழில் உண்டு. பொதுவாகத் தொகையில் பத்து சதவீதத்தைத் திரும்பக் கிடைக்காத கட்டணமாக வாங்கிக்கொண்டு, உடன் கையெழுத்திடும் உறவினரிடம் முழுத் தொகைக்கும் ஈடு எழுதி வாங்குவார்கள். நம் நாட்டில் அந்தத் தொழிலுக்கு இடமில்லை. இங்கே ஜாமீன் என்பது தனிமனிதர் நீதிமன்றத்துக்கு நேரடியாகத் தரும் உறுதி.

25,000 ரூபாயைச் சுய உதவிக் குழுக் கடனாகவும் உறவினர் உதவியாகவும் திரட்டிக் கட்டினர். பிணைமுறிகள் ஏற்கப்பட்டு இளைஞர் வெளியே வந்தார். அன்று மாலை தாய்மாமன் ஊருக்குப் பேருந்து ஏறும்போது, வேலை முடிந்தது என்ற நிம்மதியே அவர் முகத்தில் இருந்தது.

வெளியே வந்த பின்

சில வாரங்கள் இளைஞர் தவறாமல் காவல் நிலையத்தில் கையெழுத்திட்டார். பின்னர் வழக்கறிஞர் நிபந்தனைத் தளர்வு மனு போட்டு, தினசரிக் கையெழுத்து நீக்கப்பட்டது. சிறைக்குப் போய் வந்தவர் என்று உள்ளூரில் யாரும் வேன் ஓட்டக் கொடுக்காததால், கார்த்திகையில் அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றார். கையெழுத்து நிபந்தனை தளர்ந்த பிறகு வேலைக்காக வெளியூர் செல்வதற்கு உத்தரவில் தடை ஏதும் இருக்கவில்லை. ஆனால் புதிய முகவரியை அவர் வழக்கறிஞருக்கும் சொல்லவில்லை, ஜாமீன்தாரர்களுக்கும் சொல்லவில்லை. கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டார்.

கையெழுத்து நிபந்தனை நீங்கியதை வழக்கே நீங்கியதாக அவர் எடுத்துக்கொண்டார். ஊரில் பலரும் அப்படித்தான் நினைத்தனர்.

பிடியாணையும் ஜாமீன்தாரர்களுக்கு வந்த அறிவிப்பும்

2025 தை மாதத்துக்குப் பின் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சம்மன் பழைய முகவரிக்கு வந்தது. தாயார் அதை வாங்கி வைத்து, மகன் எப்போதாவது அழைக்கும்போது சொன்னார். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது பார்த்துக்கொள்வதாக மகன் பதில் சொல்லிவிட்டார். வாய்தா அதற்கு முன்பே இருந்தது. முதல் வாய்தாவில் வழக்கறிஞர் ஆஜர் விலக்கு மனு போட்டுச் சமாளித்தார். அடுத்ததில் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதற்கடுத்த வாய்தாவிலும் அவர் வராததால், பிணைமுறி மீறப்பட்டதாகப் பதிவு செய்து, தண்டத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் கேட்டு ஜாமீன்தாரர் இருவருக்கும் அறிவிப்பு அனுப்பியது.

அறிவிப்பு கையில் கிடைத்த அன்றுதான், தாம் ஏழெட்டு மாதங்களுக்கு முன் எழுதிக்கொடுத்தது எதை என்று அவர்களுக்கு விளங்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆவது பிரிவின்படி, தக்க காரணம் காட்டாமலும் தொகையைக் கட்டாமலும் விட்டால் அது அபராதம் போல வசூலிக்கப்படும். வசூலிக்க இயலாவிட்டால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. குற்றம் எதுவும் செய்யாத, அடுத்த வீட்டுக்காரியின் கண்ணீரைப் பார்த்துக் கையெழுத்திட்ட ஒரு பெண்மணிக்கு இந்த வரிகளைப் படித்துக் காட்டுவது எளிதாக இல்லை. எனினும் மென்மையாக மாற்றிச் சொல்லாமல் உள்ளபடியே படித்துக் காட்டினேன். அவர் சரியான முடிவை எடுக்க அது தேவைப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவருடைய முதல் எண்ணம், ஜாமீனிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மனு கொடுத்துவிடுவது. அந்த உரிமை உண்டு. 489-ஆவது பிரிவின்படி ஜாமீன்தாரர் எந்த நேரத்திலும் நடுவரிடம் விடுவிப்புக் கோரலாம். காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மனு வந்ததும் எதிரியைக் கொண்டுவர நடுவர் பிடியாணை பிறப்பிப்பார்; எதிரி வந்ததும் அந்த ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுவார்; எதிரி வேறு ஜாமீன்தாரரைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் காவலுக்குச் செல்ல வேண்டும். ஆனால் இது முன்கூட்டியே பயன்படுத்த வேண்டிய வழி. பிணைமுறி ஏற்கெனவே மீறப்பட்டதாகப் பதிவான பின் விலகல் மனு கொடுப்பது, எழுந்துவிட்ட பொறுப்பை அழிக்காது. இளைஞர் திருப்பூருக்குப் போய் எண்ணை மாற்றியபோதே இந்த மனு கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே மூன்று செயல்களை ஒரே வரிசையில் செய்வதென்று தீர்மானித்தோம். எதிரியை நாமே தேடிக் கொண்டுவருவது முதலாவது. அவரைக் காவல்துறை பிடித்து வருவதற்கும் ஜாமீன்தாரரே அழைத்து வந்து நிறுத்துவதற்கும் நீதிமன்றத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. அவர் ஆஜரானவுடன் பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் மனு அடுத்தது. அதே நாளில் ஜாமீன்தாரர் இருவரும் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தந்து, 491-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் தண்டத்தின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து குறைக்கக் கோருவது இறுதியானது. மீறல் பதிவானதும் 492-ஆவது பிரிவின்படி பழைய பிணைமுறிகள் ரத்தாகிவிடும் என்பதால், புதிய ஜாமீன்தாரர்களை ஆவணங்களுடன் அன்றே தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. இதை விட்டிருந்தால் இளைஞர் அங்கிருந்தே மறுபடி சிறைக்குப் போயிருப்பார்.

தாய்மாமன் தம்மூர்க்காரர் ஒருவர் மூலம் விசாரித்துத் திருப்பூர் சென்று மருமகனைக் கண்டுபிடித்தார். என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலைப் பேருந்தில் இருவரும் மேலூரில் இறங்கினர்.

விளைவு

நடுவர் பிடியாணையைத் திரும்பப் பெற்றார். தாய்மாமன் மீண்டும் ஜாமீன் நின்றார். பெண்மணியின் இடத்துக்கு இளைஞரின் பெரியப்பா மகன் வந்தார். பழைய ஜாமீன்தாரர்களே எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தினர் என்பதையும், அவர்களுடைய வருவாய் நிலையையும் பதிவு செய்து, ஆளுக்கு 10,000 ரூபாயாக இருந்த தண்டம் 2,500 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. இருவரும் கட்டி ரசீது பெற்றனர். பெண்மணியின் பங்கை இளைஞர் தம் கூலியிலிருந்து தானாக முன்வந்து பின்னர் கொடுத்தார். சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் அவர் கொடுத்தது எனக்கு நிறைவளித்தது. ஆஜராகத் தவறியதற்காக ஓராண்டு வரை தண்டனை தரும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆவது பிரிவில் தனி வழக்கு போடப்படவில்லை.

மூல வழக்கு அதன்பின் விரைவாக முடிந்தது. சேதமானது தனியார் சொத்து மட்டுமே என்பதாலும், கடைக்காரர் சமரசத்துக்கு இசைந்ததாலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கூட்டுச் சமரச மனு தாக்கலாகி வழக்கு ரத்து செய்யப்பட்டது. வைப்பில் இருந்த 25,000 ரூபாயுடன், மூன்று குடும்பங்களும் பேசி முடித்த மீதித் தொகையும் கடைக்காரருக்குச் சென்றது. அத்துடன் பிணைமுறிகளும் முடிவுக்கு வந்தன.

இனி மாற வேண்டியவை

பிணைமுறியில் கையெழுத்திடும் நாளில் ஜாமீன்தாரரிடம் ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள், பெயரும் உறவும் கேட்கிறார்கள். அவருடைய பொறுப்பு வழக்கு முடியும் வரை நீள்கிறது என்பதை யாரும் நின்று விளக்குவதில்லை. இந்த வேலையைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து நிமிடம் போதும். வாசல் திண்ணையிலேயே சொல்லிவிடலாம்.

எங்கள் குழுவில் இப்போது ஜாமீன்தாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுக்கிறோம். அதில் வழக்குக்கான தனி அடையாளமாகிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும், அதை இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டால் அடுத்த வாய்தா எந்த நாள் என்பதை எதிரியையோ வழக்கறிஞரையோ கேட்காமலே பார்க்கலாம். தாய்மாமனின் வீட்டில் பள்ளி செல்லும் மகள் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டு, மூல வழக்கு முடியும் வரை அப்பாவுக்குத் தேதி சொல்லிவந்தாள். எதிரி முகவரியோ எண்ணோ மாற்றினால் உடனே வழக்கறிஞருக்கும் நீதிமன்றத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், தொடர்பு அறுந்துவிட்டதாகத் தோன்றினால் மீறல் பதிவாகும் முன்பே 489-ஆவது பிரிவில் விடுவிப்பு மனு கொடுக்கலாம் என்பதும் அந்தத் தாளில் உள்ளன. பிணைமுறி மீறப்படும் முன் ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய குடும்பச் சொத்தின் மீது பொறுப்பு விழாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். வயதான ஜாமீன்தாரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி அது.

நீதிமன்றத்தின் பக்கமும் ஒரு மாற்றம் பலன் தரும். எதிரி முதல் வாய்தாவுக்கு வராத அன்றே ஜாமீன்தாரரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி சென்றால், இந்த வழக்கில் பிடியாணையே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். அவர்களுடைய எண்கள் ஆவணங்களுடன் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தன.

பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் இருப்பவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் தந்த வழிகாட்டுதலையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைமுறி தரப்படாவிட்டால் நிபந்தனைகளைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து பரிசீலிக்கலாம். வாசலில் நிற்கும் தரகரிடம் தோட்டைக் கழற்றிக் கொடுக்கும் முன், 15100 என்ற கட்டணமில்லாச் சட்ட உதவி எண்ணை அழைத்து இந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.